முக்கொம்பில் ஒரு சுவர், பஞ்சத்தோடு ஒரு சண்டை: யார் இந்த ஆர்தர் காட்டன்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முக்கொம்புக்குப் போய் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்காத திருச்சிக்காரர்கள் குறைவு. ஆனால், காவிரி டெல்டாவுக்குச் சோறு உண்டா இல்லையா என்பது 1830-களில் இந்த இடத்தில்தான் முடிவானது.

என்ன பிரச்சினை?

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில், முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் கடலுக்குக் குறுக்குவழி, சரிவும் அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரியிலோ மணல் சேர்ந்து படுகை மேடாகிக்கொண்டே வந்தது. வருஷா வருஷம் மணலை அள்ளினாலும் தீரவில்லை. தஞ்சாவூர் பக்கம் வயல்கள் காய ஆரம்பித்தன.

இங்கேதான் காட்டன் வருகிறார். 1803-ல் இங்கிலாந்தில் பிறந்து, 18 வயதில் மதராஸ் வந்த ராணுவ இன்ஜினியர். கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால், தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பலாம் என்பது அவர் திட்டம். 1836-ல் தொடங்கி 1838-க்குள் மேலணை தயார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மணல் ஆற்றில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதை அவர் கற்றது இங்கிலாந்தில் அல்ல, நம்ம கல்லணையில். பெரிய பாறைகளை மணலில் போட்டால் அவை மெல்ல உள்ளே இறங்கும். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். இதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத சோழர் காலத்து வேலைக்காரர்கள். அவர்களிடம் கற்றதை காட்டன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியாக நடந்ததா? இல்லை. இந்த முறை காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்து கோதாவரி. 1833 வாக்கில் குண்டூர் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துப்போயிருந்தார்கள். கல்லணையில் கற்ற அதே டெக்னிக்கோடு தவளேஸ்வரம் அணையை 1852-ல் முடித்தார் காட்டன். அதன் பிறகு அந்த டெல்டா நெற்களஞ்சியமானது. இன்றும் அங்கே சிலர் ஆற்றில் சங்கல்பம் செய்யும்போது காட்டன் துரை பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அப்போ, கம்பெனி பசி தீர்க்கத்தான் பணம் கொடுத்ததா? அப்படி நம்ப வேண்டாம். பாசனம் பெருகினால் நிலவரி பெருகும் என்ற கணக்குதான் முதல் காரணம். காட்டனே அந்தக் கணக்கைக் காட்டித்தான் அனுமதி வாங்கினார்.

உண்மையான சோதனை 1876-78 பஞ்சம். தென்னிந்தியாவைப் புரட்டிப் போட்ட அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் நாள் கூலி வெறும் ஒரு பவுண்டு தானியமும், அதாவது 450 கிராம், ஓர் அணாவும்தான். அதே நேரம் தானியம் கப்பல் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. ரயில் பாதை இருந்தும் உயிர்கள் போயின. அதற்குக் கொட்டிய பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவழித்திருக்கலாமே என்று, ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியிருந்த காட்டன் வாதாடினார். 1878-ல் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. ஆனால் அவர் ஆதரித்த கர்நூல்-கடப்பா கால்வாய் நஷ்டத்தில் போயிருந்ததைக் காட்டியே அவர் வாயை அடைத்தார்கள். ரயில் கட்சி ஜெயித்தது.

ஆறுகளை எல்லாம் கால்வாயால் இணைக்க வேண்டும் என்ற அவர் யோசனைக்கும் அதே கதிதான். நதிநீர் இணைப்பு பற்றி இன்று டிவியில் நடக்கும் விவாதத்தின் பழைய எபிசோடு அது! அந்த யோசனை நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதில் இன்றும் நிபுணர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

கடைசிக் காலத்தில் டார்க்கிங் என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்து மண்ணை ஆழமாகக் கொத்தி, ஒரு துண்டு நிலத்தில் எவ்வளவு கோதுமை எடுக்கலாம் என்று சோதித்துக்கொண்டிருந்தார். 1899-ல், 96 வயதில் காலமானார்.

முக்கொம்பில் பின்னாளில் ஷட்டர்கள் வைத்த அந்தக் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை நிற்கிறது. அடுத்த முறை செல்ஃபி எடுக்கும்போது, பழைய சுவர் மிச்சம் இருக்கும் பக்கத்தையும் ஃபிரேமுக்குள் கொண்டு வாருங்கள்.