திரைப்பட விமரிசகர் பொஸ்லி குறோதர்

எம்மவருள் படம் பாராதார் அரியர். பார்த்த படத்தைப் பற்றி அபிப்பிராயம் கூறாதார் அதனினும் அரியர். படமாளிகையின் வாயிலைக் கடந்து வீதிக்கு வருமுன்பே நன்று என்றும் தீது என்றும் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். மறுநாள் அதனை மறந்தும் விடுகின்றோம். பத்திரிகையிலே எழுதும் விமரிசகருக்கு அந்த வசதி இல்லை. நேற்றுப் பார்த்த படத்துக்கு அவர் இன்று தீர்ப்பு எழுத வேண்டும். எழுதியது அச்சேறிய பின் அழியாது. ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் அப்பத்திரிகையைப் புரட்டி, அவர் அன்று கூறியது சரியா பிழையா என்று கணக்குப் பார்க்கலாம். இத்தொழிலை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையிலே 1940 ஆம் ஆண்டு முதல் 1967 ஆம் ஆண்டு வரை, இருபத்தேழு ஆண்டுகள் நடத்தியவர் பொஸ்லி குறோதர். அன்னாரின் பெயரை இன்று நினைப்போர் பெரும்பாலும் அவர் செய்த கடைசிப் பிழை ஒன்றையே நினைக்கின்றனர். அவருடைய வாழ்க்கை முழுவதையும் நோக்கினால் அந்தப் பிழையின் பொருளும் வேறாகத் தோன்றும். அதனை எடுத்துக் கூறுவதே எமது நோக்கம்.

குறோதர் 1905 ஆம் ஆண்டு யூலை மாதம் 13 ஆந் திகதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே லூதர்வில் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையிலே வட கரோலைனாவிலுள்ள வின்ஸ்ரன்-சேலம் நகரில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோதே அயலாருக்கென ஒரு சிறு பத்திரிகை நடத்தினார் என்பர். பின்பு பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து சரித்திரம் பயின்று 1928 இல் பட்டம் பெற்றார். அங்கே மாணவர் பத்திரிகையின் ஆசிரியராகவும் விளங்கினார். கல்லூரிச் சஞ்சிகையில் முதலெழுத்தை அச்சிற் கண்டு மகிழ்ந்த எம் பழைய மாணவர் பலர் பிற்காலத்திற் பத்திரிகைத் துறையில் இறங்கியது போலவே அவருக்கும் நேர்ந்தது.

நியூயோர்க் ரைம்ஸ் நடத்திய நடப்புச் செய்தி அறிவுப் போட்டியிலே அவர் வெற்றி பெற்றார். அப்பத்திரிகையின் அதிபர் அவரை அழைத்து, வாரம் 30 டொலர் சம்பளத்தில் நிருபர் பதவி தர முன்வந்தார். குறோதர் அதனை மறுத்துவிட்டார். தென் மாநிலங்களிலே சிறிய பத்திரிகை ஒன்றிற் பணிபுரிய வேண்டும் என்பதே அவர் ஆசை. அங்கு சென்று விசாரித்தபோது சம்பளம் அதிற் பாதி கூட இல்லை என்று கண்டார். நியூயோர்க்குக்குத் திரும்பி வந்து பதவியை ஏற்றுக்கொண்டார். முதலில் நகரச் செய்திகளையும் இராக்கால விடுதிகளின் செய்திகளையும் எழுதினார். பின்பு நாடகப் பகுதிக்கு மாறினார். அக்காலத்து நாடக விமரிசகருள் தலைசிறந்தவரான புறூக்ஸ் அற்கின்சனின் கீழே பயிற்சி பெற்றமை அவர் எழுத்துக்கு உரமாயிற்று. 1940 இல் முன்னைய திரைப்பட விமரிசகரான பிறாங் நியூஜென்ற் ஹொலிவூட்டுக்குச் சென்றார். அவ்விடம் குறோதருக்கு வந்தது.

அடுத்த ஆண்டே அவருக்குப் பெருஞ் சோதனை ஒன்று நேர்ந்தது. இருபத்தைந்து வயது இளைஞரான ஓர்சன் வெல்ஸ் தாமே இயக்கி நடித்த 'சிற்றிசன் கேன்' 1941 மே மாதம் நியூயோர்க்கில் வெளியாயிற்று. அதிற் சித்திரிக்கப்பட்டவர் தாமே என்று கருதிய பத்திரிகைச் சக்கரவர்த்தி ஹேர்ஸ்ற், தமது பத்திரிகைகளில் அப்படத்தின் பெயரும் வரக்கூடாது என்று தடுத்திருந்தார். படமாளிகை உரிமையாளர் பலர் அஞ்சினர். குறோதரோ, ஹொலிவூட் அதுவரை தந்த படங்களுள் மிகப் பெரிய அதிசயங்களில் ஒன்று அதுவென வியந்து எழுதினார். கதாநாயகனின் உள்ளம் தெளிவாகப் புலப்படவில்லை என்ற குறையையும் மறையாது கூறினார். படம் வசூலில் வெல்லவில்லை. உலகின் தலைசிறந்த படங்களைத் தெரிந்தெடுப்போர் பிற்காலத்திலே பல தசாப்தங்களாக அதற்கே முதலிடம் அளித்தனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அவருடைய செல்வாக்கு உச்ச நிலையை அடைந்தது. ஐரோப்பாவின் இடிபாடுகளுக்கிடையே எடுக்கப்பட்ட படங்கள் நியூயோர்க்கின் சிறிய மாளிகைகளுக்கு வரத் தொடங்கிய காலம் அது. அவற்றில் அறிந்த நட்சத்திரங்கள் இல்லை. விளம்பரத்துக்குப் பணமும் இல்லை. அவை ஓடுவதும் ஓடாமற் போவதும் பெரும்பாலும் ரைம்ஸ் பத்திரிகையின் ஒரு பத்தியையே பொறுத்திருந்தன. றொசெலினியின் 'றோம், ஓபன் சிற்றி' 1946 இல் வந்தபோதும், டி சீக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' 1949 இல் வந்தபோதும் குறோதர் அவற்றை இரு கை நீட்டி வரவேற்றார். வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்த ஏழைத் தந்தையொருவனின் கதையை அமெரிக்கர் தேடிச் சென்று பார்த்தமைக்கு அவர் எழுத்தும் ஒரு காரணம். இரண்டு சிறு காட்சிகளை வெட்டினாலன்றி அனுமதி முத்திரை இல்லை என்று ஹொலிவூட்டின் தணிக்கைக் காரியாலயம் கூறியது. டி சீக்கா இணங்கவில்லை. குறோதர் அக்காரியாலயத்தைக் கண்டித்து எழுதினார்.

இதனினும் பெரிய போராட்டம் 'த மிறக்கிள்' என்னும் நாற்பது நிமிடப் படத்தால் எழுந்தது. றொசெலினி எடுத்த அப்படத்தில் பேதைப் பெண்ணொருத்தி வழிப்போக்கன் ஒருவனைப் புனிதர் எனக் கருதி ஏமாந்து கருவுறுகின்றாள். நியூயோர்க்கில் 1950 டிசெம்பரில் இது காட்டப்பட்டபோது கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர்கள் தெய்வ நிந்தை என்று எதிர்த்தனர். மாளிகையின் முன் மறியல் நடந்தது. 1951 பெப்ரவரியில் மாநில அதிகாரிகள் அனுமதியை இரத்துச் செய்தனர். பக்தர்களின் மனம் புண்படும் என்பதைக் குறோதர் உணராதவரல்லர். எனினும், ஒரு சாராருக்கு உவப்பில்லாத காரணத்தால் எல்லார் கண்ணையும் மூடுதல் தகாது என்று வாதாடினார். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. சினிமா வெறும் வியாபாரமே, அதற்குப் பேச்சுச் சுதந்திரம் இல்லை என்று 1915 இல் அளித்த தீர்ப்பை அதே நீதிமன்றம் 1952 மே மாதத்திலே மாற்றிற்று. நூலுக்கும் பத்திரிகைக்கும் உள்ள அரசியலமைப்புப் பாதுகாப்பு அன்று முதற் படத்துக்கும் உரியதாயிற்று. வாதாடி வென்றவர்கள் வழக்கறிஞரும் படத்தைக் கொணர்ந்த வர்த்தகரும். பொதுமக்கள் மனத்தை அதற்குப் பக்குவப்படுத்தியவருள் குறோதர் முன்னணியில் நின்றவர்.

அக்காலத்திலேயே ஹொலிவூட்டில் எழுத்தாளர் பலர் அரசியற் கொள்கை காரணமாகத் தொழிலினின்றும் விலக்கப்பட்டனர். இந்த வேட்டையையும் குறோதர் எதிர்த்தார். இதனோடு எம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. கித்துள்கலையிலே களனி கங்கையின் குறுக்கே பாலம் அமைத்து, அதனை 1957 இல் வெடிவைத்துத் தகர்த்துப் படமாக்கிய 'பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' அவ்வாண்டு டிசெம்பரில் நியூயோர்க்கில் வெளியானபோது குறோதர் அதனை வாயாரப் புகழ்ந்தார். அதன் திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் ஆகிய இருவரும் விலக்கப்பட்டவர்கள். படத்திலே அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்குரிய ஒஸ்கார் பரிசு 1984 இலேதான், இருவரும் இறந்தபின், முறைப்படி வழங்கப்பட்டது.

இவ்வளவும் கூறிய நாம் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். குவாய் நதிப் பாலத்தைப் புகழ்ந்த அவரே, அதே டேவிட் லீன் 1962 இல் தந்த 'லோறன்ஸ் ஒப் அரேபியா'வை வெறும் பாலைவன ஆரவாரம் என ஒதுக்கினார். மறு ஆண்டு வந்த 'கிளியோபாத்திரா'வைப் பலரும் குறை கூற, அவர் மாபெருங் காவியம் எனக் கொண்டாடினார். காலம் இவ்விரு தீர்ப்பையும் தலைகீழாக்கிவிட்டது. சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1958 இல் நியூயோர்க்கை அடைந்தபோது அதன் கட்டுக்கோப்புத் தளர்ந்தது, நடை மந்தமானது என்று எழுதினார். உள்ளே ஊறும் சோக ரசத்தை ஓரளவே உணர்ந்தார். வங்காளக் கிராமத்து வாழ்வின் கதி அதுவே என்பது நம்மவர்க்குச் சொல்லாமலே விளங்கும்; மன்ஹற்றனில் இருந்த அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் நியூயோர்க் மக்கள் அப்படத்தைப் பல மாதங்கள் தொடர்ந்து சென்று பார்த்தனர். அவர் எழுதியதைப் படித்த பின்னும் தம் கண்ணையே நம்பிய வாசகர் அங்கு இருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

தம் பிழையைத் திருத்திக்கொள்ளும் இயல்பும் அவரிடம் இருந்தது. ஹிச்கொக்கின் 'சைக்கோ'வை 1960 யூன் மாதத்தில் அவர் பெரிதாக மதிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி சிந்தித்து, ஆண்டின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக அதனைச் சேர்த்தார். ஆறு மாதத்துக்கு முன் தாம் எழுதியதைத் தாமே மறுக்க அவர் நாணவில்லை.

ஆனால் 1967 இல் அவர் மாறவில்லை. வியட்நாம் போர் உக்கிரமாக நடந்த ஆண்டு அது. அமெரிக்க நகரங்களிலே கலகமும் தீவைப்பும் நிகழ்ந்தன. படங்களிலே கொலை விளையாட்டாகக் காட்டப்படுவது பெருகி வருகின்றது என்று அவ்வாண்டு யூலை மாதத்திலேயே குறோதர் எச்சரித்து எழுதியிருந்தார். ஓகஸ்ற் மாதம் 'பொனி அன்ட் கிளைட்' வெளியாயிற்று. 1930 களில் வங்கிகளைக் கொள்ளையிட்டுப் பலரைக் கொன்று, 1934 இற் சுட்டுக்கொல்லப்பட்ட ஓர் இளஞ்சோடியின் கதை அது. ஆதர் பென் இயக்கினார்; வொறன் பேற்றி தயாரித்து நடித்தார். சிரிப்பும் குருதியும் அதிலே கலந்து வந்தன. குறோதர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். வாசகர் எதிர்த்துக் கடிதம் எழுதினர், மீண்டும் கண்டித்தார். கடிதங்கள் பெருகின, மூன்றாம் முறையும் கண்டித்தார். நியூஸ்வீக் பத்திரிகையில் இதே படத்தைத் தாக்கிய யோ மோர்கன்ஸ்ரேண் என்பவர் மறுபடி பார்த்து, அடுத்த வாரமே தம் கருத்தை வெளிப்படையாக மாற்றினார். போலீன் கேல் என்ற பெண்மணி நியூயோர்க்கர் சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதி அப்படத்தை நிலைநாட்டினார். அந்த ஆண்டு முடிவிலே குறோதர் விமரிசகர் பதவியினின்றும் விலகினார். 1968 இல் அவ்விடத்தில் இளம் எழுத்தாளரான றெனாற்றா அட்லர் அமர்ந்தார். படம் இரண்டு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

இவரைக் காலத்தோடு நடக்கத் தெரியாத கிழவர் என்று சிலர் எள்ளினர். நாம் அவ்வாறு கூற ஒருப்படோம். 'த மிறக்கிள்' படத்துக்காக வாதாடியபோதும், 'பொனி அன்ட் கிளைட்' படத்தை எதிர்த்தபோதும் அவர் கொண்ட கொள்கை ஒன்றே. சினிமா மனித மனத்தை மாற்றவல்ல பெருஞ் சக்தி என்று அவர் நம்பினார். அத்தகைய சக்திக்குச் சுதந்திரம் வேண்டும் என்றார். அதனாலேயே அதற்குப் பொறுப்பும் வேண்டும் என்றார். 1952 இல் திறந்த கதவு மெல்ல மெல்ல அகன்று, 1934 முதற் கண்டிப்பாக நடந்துவந்த ஹொலிவூட் தணிக்கை விதிகள் 1968 இல் அடியோடு கைவிடப்பட்டன. அக்கதவைத் தள்ளியவருள் ஒருவர் தாமே என்பதை நினைக்கும்போது, அதன் வழியே வந்தவற்றைக் கண்டு அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! எனினும் அவற்றைத் தடை செய்க என்று அவர் கோரவில்லை. இவை தீயன என்று தம் பெயரை இட்டு எழுதினார், அவ்வளவே. தடுப்பதற்கும் கண்டிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

அப்படத்தின் கலையை அவர் காணத் தவறியது உண்மையே. போரின் கொடுமையைத் தினமும் தொலைக்காட்சியிற் கண்ட தலைமுறை, அக்குருதியிலே தன் காலத்தின் உருவத்தைக் கண்டது. அதனை அவர் கேளிக்கை என மயங்கினார். அவர் எழுப்பிய வினாவோ இன்னும் தீரவில்லை. கொலையை அழகாகக் காட்டுவதனாற் காண்போர் மனம் கூர்மை அடைகின்றதா, மரத்துப் போகின்றதா என்பதை இன்றைய படங்களைப் பார்க்கும் எம் மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

பதவி நீங்கியபின் குறோதர் கொலம்பியா படக் கம்பனிக்கு ஆலோசகராக இருந்தார். சிறந்த படங்களைப் பற்றி நூல்கள் எழுதினார். எம்.ஜி.எம். நிறுவனத்தின் வரலாற்றை 1957 இலும், அதன் தலைவர் லூயி மேயரின் வாழ்க்கையை 1960 இலும் முன்னரே நூலாக வெளியிட்டிருந்தார். 1981 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7 ஆந் திகதி, எழுபத்தைந்தாம் வயதில் நியூயோர்க் மாநிலத்திலே காலமானார்.

ஒருவரிடத்துள்ள குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்து நிற்பதைக் கொண்டே அவரை மதிக்க வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. படங்களை நிறுத்துப் பார்த்தவரையும் அத்துலாக்கோலிலேயே நாம் நிறுத்தல் முறை. ஒரு தட்டில் 'லோறன்ஸ்', 'பதேர் பாஞ்சாலி', 'பொனி அன்ட் கிளைட்' ஆகியவற்றைப் பற்றி அவர் பிழைபட எழுதியவை இருக்கட்டும். மறுதட்டில் 'சிற்றிசன் கேன்' வந்தபோது அஞ்சாது எழுதிய பேனாவும், இத்தாலியப் படங்களுக்கு அவர் திறந்துவிட்ட வழியும், தணிக்கைக்கு எதிரே அவர் நின்ற நிலையும் இருக்கட்டும். எத்தட்டுத் தாழும் என்பதை வாசகர் தீர்ப்புக்கே விடுகின்றோம்.

எம் கல்லூரி மாணவர் நாளை ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பத்திராதிபராகவும் அமர்ந்து, பிறர் செய்ததற்கு மதிப்பிட வேண்டியவராவர். பிழை நேராத தீர்ப்பை எவரிடமும் எதிர்பார்த்தல் இயலாது. கண்டதைக் கண்டவாறு கூறலும், பிழையென்று தெளிந்தபோது 'சைக்கோ'வுக்குச் செய்தது போலத் திருத்தலும், தெளியாதபோது கூட்டத்துக்கு அஞ்சி மாறாமையும் இயலும். இம்மூன்றையும் பொஸ்லி குறோதரிடம் கற்கலாம் என்று கூறி அமைகின்றோம்.