30 வயசுக்கு மேல ஸ்டூடன்ட்... பறவைகளுக்காகத் திரும்பவும் படிக்கப் போன சாலிம் அலி!

பார்க்குற வேலை மனசுக்கு ஒட்டலை, காடு, விலங்குன்னு ஏதாவது படிக்கலாமான்னு தோணுதா? 'இந்த வயசுல மறுபடியும் கிளாஸ்ல போய் உட்காரணுமா'ன்னு தயங்குறீங்களா? அப்போ சாலிம் அலி கதை உங்களுக்குத்தான்.

'இந்தியாவின் பறவை மனிதர்'னு படிச்சிருப்பீங்க. நம்ம கோவை ஆனைகட்டியில இருக்கிற பறவை ஆராய்ச்சி மையத்துக்கும் அவர் பேர்தான். ஆனா, 1896-ல் மும்பையில் பிறந்த அவர் முதல்ல பார்த்தது பிசினஸ். காலேஜைப் பாதியிலேயே விட்டுட்டு, பர்மாவில் குடும்பத்தோட சுரங்கத்தையும் மர வியாபாரத்தையும் கவனிக்கப் போனார். அங்கே இருந்த காடு பிடிச்சது, வியாபாரம்தான் ஒத்துவரலை.

1917-ல் ஊர் திரும்பி, வணிகச் சட்டமும் அக்கவுன்டன்சியும் படிக்கச் சேர்ந்தார். அவர் மனசு எங்கே இருக்குன்னு செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி பாதிரியார் பிளாட்டருக்குப் புரிஞ்சது. விலங்கியலும் படிக்கச் சொன்னார். காலையில் கணக்கு, அப்புறம் விலங்கியல்... ஒரே நாளில் ரெண்டு காலேஜ்!

ஆனாலும் முறையான பட்டம் கையில் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அவர் எதிர்பார்த்த பறவையியலாளர் வேலை அதனாலேயே கைநழுவியது. 1926-ல் மும்பை மியூசியத்தில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ற வேலை கிடைச்சது. 1928-ல் அதுக்கும் லீவு போட்டுட்டு பெர்லினுக்குப் போய், பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் மாணவரா சேர்ந்தார். கல்யாணமாகி பத்து வருஷம் ஆன மனுஷன்!

படிச்சுட்டு 1930-ல் வந்தா, மியூசியத்தில் அந்தப் பதவியே இல்லை. பணமில்லைன்னு எடுத்துட்டாங்க. இதைத்தான் நம்ம மோட்டிவேஷன் வீடியோக்கள் சொல்றதே இல்லை.

மனைவி தெஹ்மினாவோட கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். வீட்டுப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிக் கூடுகள். வேலை இல்லாத மனுஷனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைத்தான் கட்டுது. பெண் வந்து பார்த்து, பிடிச்சா குடியேறுது. அப்புறம்தான் மீதியை முடிக்குது. முடிச்ச கையோட இன்னொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டை ஆரம்பிச்சுடுது! 1931-ல் வெளியான இந்த ஆய்வுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

அடுத்து, சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. செலவை மட்டும் கொடுங்க, சம்பளம் வேண்டாம்னு தானே முன்வந்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர்னு காடு காடா அலைஞ்சப்போ, முகாம்ல கூடவே இருந்தவர் தெஹ்மினா.

1941-ல் வந்த இந்தியப் பறவைகள் புத்தகம் சாலிம் அலியை வீடு வீடா கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைப் பார்க்க தெஹ்மினா இல்லை. 1939-லேயே இறந்துட்டாங்க.