பையன்களை நம்பிய ராணுவக்காரர்

ஸ்கூல் படிக்கும்போது கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி, கிரவுண்டில் முடிச்சுப் போடப் பழகிய கூட்டத்தில் நீங்களும் ஒருவரா? இல்லாவிட்டாலும் உங்க க்ளாஸ்ல நாலு பேராவது சாரணர் இயக்கத்தில் இருந்திருப்பாங்க. இடது கையால் கைகுலுக்குவாங்களே, அவங்கதான்! அந்த ஸ்கார்ஃபுக்குப் பின்னால் இருக்கும் மனிதரின் கதை இது. பாராட்ட வேண்டியதும் இருக்கு, உறுத்துவதும் இருக்கு. இரண்டையும் சேர்த்தே படிங்க.

ராபர்ட் பேடன் பவல் 1857 பிப்ரவரி 22 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் இறந்துவிட, அம்மாதான் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார். பேடன் பவல் படிப்பில் சுமார் ரகம். ஆனால் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த தோப்பில் அவர் ராஜா. ஆசிரியர் கண்ணில் படாமல் உள்ளே நுழைவது, முயல் பிடிப்பது, புகை வெளியே தெரியாமல் அதைச் சமைப்பது எல்லாம் அங்கே தானாகக் கற்றுக்கொண்டவை. அப்பா பேராசிரியராக இருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. ராணுவத் தேர்வு எழுதினார். குதிரைப்படைப் பிரிவில் இரண்டாம் இடம்! 1876இல் பத்தொன்பது வயது அதிகாரியாக அவர் வந்து இறங்கிய ஊர், நம்ம லக்னோ.

இருபது வருஷத்துக்கும் மேல் ராணுவத்தில் கழித்த பிறகுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் வந்தது. இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் மேஃபெகிங் என்ற சின்ன ஊரை 1899 அக்டோபரில் போயர் படை சுற்றி வளைத்தது. உள்ளே பொறுப்பில் இருந்தவர் பேடன் பவல். முற்றுகை 217 நாள் நீடித்தது. இருந்த வீரர்களோ குறைவு. ஒவ்வொருவரும் எல்லையில் தேவைப்பட்டார்கள்.

அப்போது அவருடைய துணை அதிகாரி எட்வர்ட் செசில், ஊரில் இருந்த பள்ளி வயதுப் பையன்களைத் திரட்டி ஒரு படையாக்கினார். தகவல் கொண்டுபோவது, காவல் பார்ப்பது, மருத்துவமனையில் உதவுவது அவர்கள் வேலை. அவர்களுக்குத் தலைவன் குட்இயர் என்ற பதின்மூன்று வயசுப் பையன். முற்றுகைக்குள் அச்சடித்த தபால்தலையில் சைக்கிளோடு இருக்கும் அவன் படத்தை இன்றைக்கும் பார்க்கலாம். உண்மையான பொறுப்பைக் கொடுத்தால் பையன்கள் ஆளாகி நிற்பார்கள் என்பதைப் பேடன் பவல் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. முற்றுகையில் பசியால் அதிகம் வாடியவர்கள் அங்கிருந்த ஆப்பிரிக்க மக்கள். வெள்ளையருக்குக் கிடைத்த உணவுப் பங்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்து கொண்டாடிய வீரக்கதையில் இந்தப் பகுதி ரொம்ப காலம் வரவே இல்லை.

ஊர் திரும்பியவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வேவு பார்ப்பது பற்றி ராணுவத்தினருக்காக அவர் எழுதிய சின்னக் கையேட்டை ஆசிரியர்களும் சிறுவர்களும் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதையே சிறுவர்களுக்காக மாற்றி எழுதலாமே என்று யோசனை வந்தது. அவர் உடனே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. நம்ம பாஷையில் சொன்னா, முதலில் ஒரு புரோட்டோடைப் செய்து பார்த்தார்.

1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரவுன்சீ தீவில் அந்த முகாம் நடந்தது. வந்தவர்கள் சுமார் 20 பேர். பாதிப் பேர் பணக்காரப் பள்ளி மாணவர்கள், மீதிப் பேர் உழைப்பாளிக் குடும்பத்துப் பையன்கள். அந்தக் கால இங்கிலாந்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே கூடாரத்தில் தூங்குவது பெரிய விஷயம். அவர்களைக் கலந்து நான்கு அணியாகப் பிரித்தார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனே தலைவன். சமையல், முதலுதவி, தடம் பார்ப்பது எல்லாம் அணியாகத்தான். பெரியவர் ஓரமாக நிற்பார், பையன் நடத்துவான். இந்த முறைதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு.

1908இல் புத்தகம் பகுதி பகுதியாக வந்தது. யாரும் சொல்லாமலே பையன்கள் தாங்களாக அணி சேர்ந்தார்கள். மறுவருஷம் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த அணிவகுப்புக்கு 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். அழைக்காமலே சில பெண்களும் சாரணர் உடையில் வந்து நின்றார்கள்! அந்தத் துணிச்சலின் விளைவாக 1910இல் பெண்களுக்கான இயக்கம் பிறந்தது. அவருடைய தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1909லேயே பெங்களூரில் சாரணர் படை தொடங்கிவிட்டது. ஆனால் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். நம்ம பையன்களுக்கு அனுமதி இல்லை. அதற்குப் பதில் சொன்ன ஊர்களில் ஒன்று நம்ம சென்னை. 1917இல் அன்னி பெசன்ட் இங்கே இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் இன்னொன்று தொடங்கினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. கதவு திறந்தது. அதைத் திறக்க வைத்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான்.

ஆனால் 1937இல் மறுபடி வந்து போனபிறகு இந்தியர்களின் குணத்தைப் பற்றி அவர் சொன்ன கருத்து இங்கே பலரைப் புண்படுத்தியது. பலர் விலகினார்கள். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. பிரிந்து கிடந்தவர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பாக ஒன்று சேர்ந்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1941 ஜனவரி 8 அன்று கென்யாவின் நியேரியில் இறந்துபோனார். கல்லறையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. வீட்டுக்குப் போய்விட்டேன் என்று சொல்லும் சாரணர் வழிக்குறி அது.

பதின்மூன்று வயசுப் பையனை நம்பிய மனிதருக்கு, வேற நிறத்துப் பையனை அதே அளவு நம்ப முடியவில்லை. அவருடைய முறை அவரைவிடப் பெரியதாக இருந்தது. அதனால்தான் பெண்களும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போக முடிந்தது.

இப்போ நம்ம கதைக்கு வாங்க. என்.எஸ்.எஸ். சார்பா பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போறோம். மைக் நம்ம கையில், பேனர் நம்ம பேரில். மரக்கன்றைக்கூட நாமே நட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு பஸ் ஏறிடறோம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினதோட சரி. அடுத்த முறை போகும்போது மைக்கை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்க. அணியைப் பிரித்துத் தலைவரையும் அவங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் சொதப்பும், பரவாயில்லை. அப்புறம் சுற்றிலும் ஒரு தடவை பாருங்க. யாரும் கூப்பிடாமல் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்க.