ஹென்ரியெட்டா லாக்ஸ்: கேளாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள்

கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஹீலா’ என்னும் பெயர் மீண்டும் மீண்டும் வரும். ஆய்வுக்கூடங்களில் வளரும் அவ்வுயிரணுக்கள் ஒரு கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து வந்தவை.

ஹென்ரியெட்டா லாக்ஸ் 1920இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்து, தாத்தாவிடம் வளர்ந்தார். ஒருகாலத்தில் அடிமைகளின் குடியிருப்பாயிருந்த மரக்குடிலே அவர்களது வீடு. புகையிலை வயல்களில் உழைத்தார். மணமான பின் பால்டிமோர் அருகே குடியேறி, ஐந்து பிள்ளைகளுக்குத் தாயானார். 1951 ஜனவரியில் உதிரப்போக்குடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். கறுப்பினத்தவர்க்குத் தனி வார்டு ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. ரேடியம் சிகிச்சையின்போது கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு துணுக்கு, ஜார்ஜ் கை என்னும் ஆய்வாளரிடம் சேர்ந்தது. ஹென்ரியெட்டாவின் ஒப்புதலை எவரும் கேட்கவில்லை. கேட்டாக வேண்டுமென்ற விதி அன்று இல்லை என்பது உண்மையே. ஆயினும், கேட்கத் தோன்றாமைக்கு விதியின்மை மட்டும்தானா காரணம் என்று நாம் வினவுகிறோம். யாருடைய உடலைத் தொடும்முன் கேட்க வேண்டியதில்லை என்பதைச் சாதி முடிவுசெய்வதை அறிந்தவர்கள் நாம். அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று, 31 வயதில் அவர் மறைந்தார்.

உயிரணுக்களோ ஏறத்தாழ நாளுக்கொருமுறை இரட்டித்துப் பெருகின. அவை ஏன் சாகவில்லை? விடைக்கான வழி 1980களில் ஜெர்மனியில் திறந்தது. ஹரால்டு சூர் ஹௌசனின் குழு, அவற்றின் மரபணுத் தொகுதிக்குள் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 18ஆம் வகை பதிந்திருப்பதைக் கண்டது. வைரஸின் ஈ6 புரதம், பழுதடைந்த உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் பி53 என்னும் காவற்புரதத்தை அழிக்கிறது. ஈ7 புரதம் ஆர்பி என்னும் மற்றொரு காவலை முடக்குகிறது. ஆர்பி முடங்கும்போது உயிரணுவில் பி16 புரதம் குவிகிறது. இன்று திசுச் சோதனையில் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அதுவே. ஆய்வுக்கூடத்தில் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கினால், அழிவற்றவை எனப்பட்ட ஹீலா உயிரணுக்களே பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. ஆகவேதான் அவ்விரு புரதங்களும் மருந்து இலக்குகளாகக் கருதப்படுகின்றன. சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

குடும்பத்தாருக்குச் செய்தியே 1973 வாக்கில்தான் எட்டியது; அதுவும் ஆய்வாளர்கள் அவர்களுடைய ரத்தத்தையும் நாடி வந்ததால். ஹென்ரியெட்டாவின் கல்லறையில் பெயர்க்கல் நடப்பட்டது 2010இல். 2013இல் ஹீலாவின் மரபணு வரிசை குடும்பத்தைக் கேளாமலே வெளியிடப்பட்டது. எதிர்ப்புக்குப் பின்னரே, அதைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் குழுவில் குடும்பத்தாருக்கு இடம் கிடைத்தது. தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது அவர்கள் தொடுத்த வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.