உயிரணுவுக்குள் ஒரு தேடல்: கெர்ட்ரூட் எலியன்

நுழையும்முன்

தீநுண்மி எனப்படும் வைரஸ் தனித்து வாழும் ஆற்றல் அற்றது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்வது. ஆகவே தீநுண்மியை அழிக்கும் மருந்து அது குடிபுகுந்த உயிரணுவையும் அழித்துவிடும் என்றே அறிவியலாளர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றிய ஒரு வேதியியலாளரின் வாழ்க்கை இது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1918ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் கெர்ட்ரூட் எலியன் பிறந்தார். அவருடைய தந்தை, லிதுவேனியாவிலிருந்து குடியேறிய பல் மருத்துவர். 1929இல் பங்குச்சந்தை வீழ்ந்தபோது குடும்பத்தின் செல்வம் கரைந்தது. எலியனின் 15ஆம் வயதில், அவர் பெரிதும் நேசித்த தாத்தா இரைப்பைப் புற்றுநோயால் துன்புற்று இறந்தார். அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற வேட்கையே அவரை வேதியியலின்பால் செலுத்தியது. கட்டணமின்றிப் பயில இடமளித்த ஹன்டர் கல்லூரியில் சேர்ந்து, 1937இல் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, ஆய்வகப் பணி கிடைக்கவில்லை. பெண் ஒருவர் உடனிருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று காரணம் கூறி மறுத்தவர்களும் உண்டு. சிலகாலம் ஊதியமின்றி ஓர் ஆய்வகத்தில் உழைத்தார். பள்ளியில் கற்பித்துக்கொண்டே 1941இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே, அவர் மணக்கவிருந்த இளைஞர் இதயத்தில் ஏற்பட்ட பாக்டீரியாத் தொற்றால் மாண்டார். பெனிசிலின் மக்களின் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. எலியன் பின்னர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

உலகப்போர் ஆண்களைக் களத்துக்கு அழைத்துச் சென்றபோதுதான் ஆய்வகங்களின் கதவுகள் பெண்களுக்குச் சற்றே திறந்தன. எலியனுக்கு முதலில் வாய்த்தது உணவுப்பொருள் நிறுவனமொன்றில் ஊறுகாயின் புளிப்பை அளக்கும் வேலை. 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார். மாலை வகுப்பில் முனைவர் பட்டத்துக்கும் பயின்றார். முழுநேரமும் பயில வேண்டும் அல்லது விலக வேண்டும் என்ற நிலை வந்தபோது, பட்டத்தைத் துறந்து பணியைத் தேர்ந்தார்.

கிடைத்த பொருளையெல்லாம் நோயின்மேல் சோதித்துப் பார்ப்பதே அக்கால வழக்கம். ஹிட்சிங்ஸும் எலியனும் அவ்வாறு செய்யவில்லை. நோயுற்ற உயிரணு எவ்வகையில் வேறுபடுகிறது என்பதை முதலில் அறிந்து, அவ்வேறுபாட்டைத் தாக்கும் மூலக்கூறை அமைக்க முயன்றனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோப்பியூரின் மருந்து அவ்வாறு பிறந்ததே. அது 1953இல் ஒப்புதல் பெற்றது.

தீநுண்மியின் கதை நெடியது. 1948இலேயே இவர்கள் ஆக்கிய ஒரு சேர்மம் தீநுண்மியை ஒடுக்கியது. ஆயினும், விலங்குகளின் உடலுக்கும் அது நஞ்சாயிற்று. ஒதுக்கி வைத்த அவ்வாய்வை 20 ஆண்டுகளுக்குப் பின், 1968இல், எலியன் மீண்டும் கையிலெடுத்தார். அவருடைய குழுவினர் தேர்ந்த மூலக்கூறு அசைக்ளோவிர். ஹோவர்ட் ஷேஃபர் அதனை வடிவமைத்தார். சின்னம்மை, அக்கி ஆகியவற்றின் தீநுண்மிகளை உள்ளடக்கிய ஹெர்ப்பீஸ் குடும்பத்தை அது ஒடுக்கியது. உயிரணுவுக்கோ பெருந்தீங்கு செய்யவில்லை. இது எவ்வாறு இயலும்?

வீட்டுக்குள் புகுந்த திருடன் தன்னுடைய கருவியொன்றையும் கொண்டுவந்திருந்தான் என்பதே விடை. ஹெர்ப்பீஸ் தீநுண்மி, தைமிடின் கைனேஸ் என்னும் நொதிப் புரதத்தைத் தன் மரபுக்குறிப்பின்படி ஆக்கிக்கொள்கிறது. அப்புரதம் அசைக்ளோவிரைப் பற்றி, ஒரு பாஸ்பேட்டை அதனுடன் இணைக்கிறது. மனித உயிரணுவின் நொதியோ அம்மூலக்கூறைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. முதல் பாஸ்பேட் சேர்ந்தபின், எஞ்சிய இரண்டையும் உயிரணுவின் நொதிகளே சேர்க்கின்றன. இவ்வாறு முழுமை பெற்ற மருந்து, தீநுண்மியின் டி.என்.ஏ. சங்கிலியில் ஒரு கண்ணியாய் நுழைகிறது. அடுத்த கண்ணியைக் கோப்பதற்கான பிடி அதில் இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிடுகிறது.

இது கருதுகோளாக மட்டும் நின்றிருந்தால் எவரும் ஏற்றிருக்கமாட்டார். எலியன் குழுவினர் அளந்து காட்டினர். தீநுண்மி புகுந்த உயிரணுக்களில் மருந்தின் செயல்வடிவம், புகாதவற்றைவிட 40 முதல் 100 மடங்கு மிகுந்திருந்தது. டி.என்.ஏ.வைக் கோக்கும் நொதிகளையும் ஒப்பிட்டனர். உயிரணுவின் நொதியைவிடத் தீநுண்மியின் நொதியை அம்மருந்து 10 முதல் 30 மடங்கு வலிமையாகத் தடுத்தது. தைமிடின் கைனேஸை ஆக்க இயலாத திரிபுத் தீநுண்மிகள் மருந்துக்குப் பணியவில்லை என்பதும் இதற்குச் சான்றாயிற்று. அளவீடுகள் 1977இல் வெளியாயின.

அசைக்ளோவிருக்கும் எல்லை உண்டு. நரம்பணுக்களில் உறங்கிக்கிடக்கும் தீநுண்மியை அதனால் அகற்ற இயலாது. ஆயினும், ஹெர்ப்பீஸ் மூளையைத் தாக்கும்போது, முன்னர் பெரும்பாலும் இறப்பில் முடிந்த நோயில் உயிர் காக்க இன்றும் அம்மருந்தே முதலில் செலுத்தப்படுகிறது.

1983இல் எலியன் ஓய்வு பெற்றார். 1988இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தேர்வெழுதிப் பெறாத முனைவர் பட்டத்தைப் பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டமாக அவருக்கு வழங்கின. வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், 81ஆம் வயதில் அவர் மறைந்தார்.