ஆர். முத்தையாவும் தமிழ்த் தட்டச்சுக் கல்வியும்

முன்னுரை

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஆர். முத்தையா. பொறியை ஆக்கியவர் என்ற நிலையிலேயே அவர் பெரிதும் அறியப்படுகிறார். தமிழ் எழுத்துகளைக் கற்கும் வரிசையில் அவர் பணி விளைவித்த மாற்றமும் நோக்கத்தக்கது. அம்மாற்றத்தை அவர் வாழ்க்கையோடு இணைத்து ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

வாழ்வும் பணியும்

முத்தையா 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தார். 1907இல் மலாயா சென்ற அவர், அங்கு ஐல்ஸ்பரி அண்டு கார்லாண்டு என்னும் வணிக நிறுவனத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றினார். ஆங்கிலக் கடிதங்கள் பொறியில் உருவான காலத்தில் தமிழ்க் கடிதங்கள் கையால் எழுதப்பட்டன. இக்குறையை நீக்க முற்பட்ட முத்தையா, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்டு நௌமான் நிறுவனத்தின் வழியாகத் தம் பொறிக்கு வடிவம் தந்தார். தையல் பொறியும் மிதிவண்டியும் செய்துவந்த அந்நிறுவனம் ‘ஐடியல்’, ‘எரிகா’ ஆகிய தட்டச்சுப் பொறிகளால் புகழ்பெற்றதாகும்.

எழுத்துப் பகுப்பு

தமிழ் எழுத்துகள் 247. 46 விசைகள் கொண்ட பொறியில், விசைக்கு இரண்டாக 92 குறிகளே அமையும். எனவே எழுத்துகளைக் குறிகளாகப் பகுப்பது இன்றியமையாததாயிற்று. முத்தையா கையாண்ட நகரா விசை இதற்குத் துணைநின்றது. இவ்விசையை அழுத்தினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அக்குறியின் கீழ் வந்தமையும். ஆகவே ‘க்’ என்பதைப் பெறப் புள்ளியை முன்னும் ககரத்தை பின்னும் அடித்தல் வேண்டும். உகர உயிர்மெய்கள் மெய்தோறும் வடிவம் வேறுபடுவன. ஆதலால் அவற்றுள் பலவற்றுக்குத் தனி இடம் தேவைப்பட்டது. பின்னர் நிலைபெற்ற விசைப்பலகையில் ககரத்தின் மேல்நிலையில் ‘கு’வும், மகரத்தின் மேல்நிலையில் ‘மு’வும் அமைந்திருத்தல் இதனால் விளைந்த ஒழுங்காகும்.

பாடமுறை

1888இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளைப் பாராமல் அடித்த பிராங்க் மக்கரின் வென்றார். விரலுக்கு விசை வகுத்துப் பயிற்றும் முறை அதன்பின் பரவியது. தமிழ்ப் பயிற்சி நூல்களும் அம்முறையையே தழுவின. நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்கும். தட்டச்சுப் பாடமோ இடக்கை விரல்களுக்குரிய ‘யளனகபக’ என்பதில் தொடங்குகிறது. இங்கு எழுத்து ஒலிப்பிறப்பால் அன்றி விரலிடத்தால் முறைவைக்கப்படுகிறது. ‘கொ’ என்பதில் கொம்பு, ககரம், கால் என மூன்று அடிப்புகள் உள்ளன. இலக்கணம் ஓரெழுத்தாகக் கொள்வதைப் பயில்வோர் மூன்று உறுப்புகளாகக் கற்கின்றனர்.

ஆட்சிமொழியும் மதுரைப் பகுதியும்

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகங்களில் தமிழுக்கு இடமளித்தது. இதனால் தமிழ்த் தட்டச்சு அரசுப்பணிக்குரிய தகுதிகளுள் ஒன்றாயிற்று. மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களிலும் உள்ள பயிலகங்கள், சுற்றியுள்ள சிற்றூர் இளைஞர்களை இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்தன. வேளாண்மையை நம்பிய குடும்பங்களிலிருந்து வந்தோர்க்கு, மழையைச் சாராத மாத ஊதியத்தை நாடும் வழிகளுள் ஒன்றாக இக்கல்வி அமைந்தது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலியவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியது. அதனால் பொறியின் சுமையும் குறைந்தது.

முடிவுரை

முத்தையாவின் பணி பொறியாக்கத்தோடு நிற்பதன்று. தமிழ் எழுத்தைக் குறிகளாகப் பகுத்துக் காணும் நோக்கு அதனால் நடைமுறைக் கல்வியாயிற்று. பொறிகள் வழக்கொழிந்த பின்னும் கணினியில் பழைய தட்டச்சு விசைப்பலகை தொடர்வது இதற்குச் சான்றாகும். எழுத்துச் சீர்திருத்த வரலாற்றை ஆராய்வோர், இலக்கண நூல்களோடு தட்டச்சுப் பயிற்சி நூல்களையும் ஆவணங்களாகக் கொள்ளல் வேண்டும். வேலைவாய்ப்பு நூல்களாகவே கருதப்பட்டமையால் அவை நூலகங்களில் பேணப்படாது அழியும் நிலை உள்ளது. அவற்றைத் தொகுத்தல் தமிழாய்வின் உடனடித் தேவையாகும்.