மே 20: 'வரலாற்றில் இன்று' பட்டியல் விட்டுவிடும் பிறந்தநாள் - யார் இந்த அயோத்திதாசர்? கோலார் தங்க வயலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மே 20 அன்று காலையில் போனை எடுத்து 'வரலாற்றில் இன்று' என்று தேடிப் பாருங்கள். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த நாள் என்று வரும். 1873-ல் ஜீன்ஸ் பேன்ட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த நாள் என்று வரும். இசைப் பிரியர் என்றால் பாடகர் ஜோ காக்கர் (1944), பாடகி ஷெர் (1946) பிறந்தநாள் என்றும் காட்டும்.

இதே தேதியில், 1845-ல் பிறந்த ஒரு தமிழர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். அயோத்திதாசப் பண்டிதர். சித்த மருத்துவர், பத்திரிகையாளர், தமிழ் பௌத்தத்தை மீட்டெடுத்தவர். ஒரு தேதிக்கு யார் பெயர் வைக்கிறார்களோ அவர்கள் கைக்கே அதன் வரலாறும் போய்விடுகிறது என்பதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே புரிந்துகொண்டவர். அவர் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அவர் மறைவுக்குப் பிறகு நின்றுபோனது. அதைத் திரும்ப உயிர்ப்பித்தது கோலார் தங்க வயல்.

அவருடைய வாழ்க்கையை ஐந்து தேதிகளில் பார்க்கலாம்.

மே 20, 1845: காத்தவராயன் பிறந்த நாள்

பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பறையர் சமூகத்தில் பிறந்தவர். தமிழும் சித்த மருத்துவமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசர். அந்தப் பெயரையே மாணவர் தன் பெயராக்கிக்கொண்டார். தமிழ் தவிர பாலி, சமஸ்கிருதம், ஆங்கிலமும் தெரியும்.

குடும்பத்துக்கே ஓலைச்சுவடிகளோடு உறவு இருந்தது. அவருடைய தாத்தா கந்தப்பன் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் பட்லராக வேலை பார்த்தவர். வீட்டில் இருந்த திருக்குறள் சுவடியை அவர்தான் எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்று பேரன் பிற்காலத்தில் பதிவு செய்தார். வரலாற்றில் பெயர் விடுபடுவது எப்படி என்பதை அயோத்திதாசர் தன் வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டார் என்று சொல்லலாம்.

இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. 1870-களில் அங்கே அத்வைதானந்த சபை என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆமாம், ஆரம்பத்தில் அவர் அத்வைதி. அடுத்த இருபது வருட அனுபவங்கள்தான் அவரை வேறு பக்கம் திருப்பின.

டிசம்பர் 1, 1891: ஊட்டியில் பத்து கோரிக்கைகள்

டிசம்பர் 1 என்றதும் அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்த நாள் நினைவுக்கு வரலாம். அது 1955. அதற்கு 64 வருடங்கள் முன்பு, இதே தேதியில், ஊட்டியில் அயோத்திதாசர் ஒரு மாநாடு நடத்தினார். திராவிட மகாஜன சபையின் மாநாடு. பத்துக் கோரிக்கைகள் நிறைவேற்றப்பட்டன. பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள், படிப்பில் தேறியவர்களுக்கு உதவித்தொகையும் அரசு வேலையும், பொதுக் கிணறு குளங்களில் தண்ணீர் எடுக்கும் உரிமை, சிறையில் சாதி பார்த்து இழிவான வேலை கொடுப்பதை நிறுத்துவது ஆகியவை அவற்றில் சில.

அந்தக் காலத்தை மனதில் பொருத்திப் பாருங்கள். அம்பேத்கர் அப்போது எட்டு மாதம்கூட நிரம்பாத குழந்தை. பெரியாருக்கு வயது 12. நீதிக்கட்சி தொடங்க இன்னும் 25 வருடங்கள் இருந்தன. ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' என்ற பத்திரிகையை 1885-லேயே நடத்தியவர் இவர். திராவிடம் என்ற சொல்லை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர்.

மறு வருடம், 1892-ல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று விஷயங்களைக் கேட்டார்: கோயிலுக்குள் நுழையும் உரிமை, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு, தரிசு நிலம். கோயில் விஷயத்தில் கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியது. சிவன், விஷ்ணு கோயில்கள் உங்களுக்கு இல்லை, உங்களுக்குக் காவல் தெய்வங்கள் இருக்கிறதே என்ற ரீதியில் பதில் வந்தது. அவமானத்தோடு திரும்பினார். இந்து சமயத்துக்குள் இருந்துகொண்டே சமத்துவம் கேட்க முடியுமா என்ற கேள்விக்கு அவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

1898: கொழும்புப் பயணம்

இந்த வருடத்தில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் துணையோடு இலங்கை போனார். அங்கே சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இது அதற்கு 58 வருடங்கள் முந்தைய சம்பவம்.

அவர் இதை மதமாற்றம் என்றே நினைக்கவில்லை. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்கள், சாதி இல்லாத தமிழர்கள், அதனாலேயே பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். ஆக, பௌத்தம் அவரைப் பொறுத்தவரை வீடு திரும்புதல்.

ஜூன் 19, 1907: ஒரு பைசா பத்திரிகை

அன்றைக்கு ஒரு புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. விலை ஒரு பைசா, பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருடம் கழித்து 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. அரசியல், மருத்துவம், பெண்கள் பகுதி, இலக்கியம், வெளிநாட்டுச் செய்தி எல்லாம் அதில் உண்டு. 'இந்திரர் தேச சரித்திரம்' என்ற மாற்று இந்திய வரலாற்றையும் அவர் இதில்தான் எழுதினார்.

இன்றைய வாசகருக்கு ரொம்ப சுவாரஸ்யமான பகுதி பண்டிகைகள் பற்றி அவர் எழுதியவை. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகக் கேள்வி கேட்டார் என்றே சொல்லலாம்.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். அசுரனைக் கொன்ற நாளை ஏன் கொண்டாட வேண்டும் என்பது அவர் கேள்வி. பௌத்தர்கள் எள்ளிலிருந்து நல்லெண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதைத் தலையில் தேய்த்துக் குளித்துப் பரிசோதித்த நாள் அது என்றார். கார்த்திகை தீபம்? ஆமணக்கு எண்ணெயில் விளக்கு எரிய வைத்துப் பார்த்த நாள். போகி? புத்தரை நினைக்கும் போதிப் பண்டிகை. அதாவது வதத்தின் நினைவாகச் சொல்லப்பட்ட நாளை, ஒரு கண்டுபிடிப்பின் நினைவாக மாற்றிப் படித்தார்.

இவற்றை இன்றைய மொழியியலோ வரலாற்று ஆய்வோ அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அவர் சொல்லும் சொல்மூலங்கள் பலவற்றுக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் செல்லுபடியாகிறது: நாம கொண்டாடுற நாளோட கதையை எழுதினது யார்? அதில் நம்ம ஆளுங்க எந்த இடத்தில் நிற்கிறாங்க?

சரி, இதில் தங்க வயல் எங்கே வருகிறது?

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கோலாரில் தங்கச் சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் தமிழ் பேசும் தலித் மக்கள். சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை, லைன் வீடுகளில் நெருக்கடியான வாழ்க்கை.

ஆனால் கிராமத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் இங்கே இருந்தன. ஒன்று, கையில் ரொக்கமாகக் கூலி. இரண்டாவது, தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பண்ணையார் இங்கே இல்லை. பத்திரிகைக்குச் சந்தா கட்டவும் சங்கம் கூட்டவும் இவை போதுமானதாக இருந்தன.

சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட கிளைகள் இருந்தன. இந்தியாவில் வலுவான கிளைகளில் ஒன்று தங்க வயலின் மாரிகுப்பத்தில் இயங்கியது. 'தமிழன்' பத்திரிகையை வாங்கியது மட்டுமல்ல, அதில் எழுதவும் செய்தார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன தமிழர்களைச் சேர்த்துக் கட்டிய நெட்வொர்க் அது. இன்றைக்கு பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

மே 5, 1914: மறைவும் அதற்குப் பிறகும்

மே 5 என்றால் 'வரலாற்றில் இன்று' பட்டியல் கார்ல் மார்க்ஸ் பிறந்தநாளையும் பாடகி அடேல் பிறந்தநாளையும் காட்டும். 1914-ல் அதே தேதியில் அயோத்திதாசர் காலமானார். 69 வயது நிறைவடைய இன்னும் 15 நாள் இருந்தது. மகன் பட்டாபிராமன் பத்திரிகையைக் கொஞ்ச காலம் நடத்தினார். பிறகு நின்றுவிட்டது.

பொதுவாக இந்த மாதிரிக் கதைகள் இங்கேயே முடிந்துவிடும். இது முடியவில்லை. 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மறுபடி வெளிவந்தது, இந்த முறை கோலார் தங்க வயலிலிருந்து. அயோத்திதாசரின் நூல்களை சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை மறுபதிப்பு செய்தது. பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்று அவர் எழுத்தை அச்சில் வைத்திருந்தது. 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகுதான் பரவலான வாசகர்கள் அவரைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு அங்கீகாரம் ஒவ்வொன்றாக வந்தது. 2005-ல் தபால் தலை. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவன மருத்துவமனைக்கு அவர் பெயர். 2023-ல் சென்னை கிண்டியில் மணிமண்டபம். இசைப் பக்கமும் ஒரு தடம் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு தன் பெயரை அவர் பயன்படுத்திய சாதியில்லாத் தமிழர் என்ற கருத்திலிருந்தே எடுத்தது. அந்தக் குழுவுக்குப் பின்னணியில் இருந்த பா. ரஞ்சித்தான், வட ஆற்காட்டிலிருந்து தங்க வயலுக்குப் போனவர்களின் கதையை 'தங்கலான்' (2024) படமாக எடுத்தார்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருக்கலாம்.

அவர் மேல் விமர்சனமே இல்லையா?

இருக்கிறது, நியாயமான விமர்சனம்தான். பிரிட்டிஷ் ஆட்சியை அவர் பெரிதாக நம்பினார், சுதேசி இயக்கத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். உள்ளூர் ஆதிக்க சாதிகளிடமிருந்து பாதுகாப்பு தேடிய ஒருவரின் நிலைப்பாடு என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். இதைவிடக் கடினமான விமர்சனம் ஒன்று உண்டு. தன் மக்களைப் பூர்வ பௌத்தர்கள் என்று உயர்த்திப் பிடித்தவர், வேறு சில ஒடுக்கப்பட்ட சாதிகளை அந்த வட்டத்துக்குள் சேர்க்கவில்லை. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த எழுத்தாளர்கள் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார்கள். சாதியற்றவர் என்ற அடையாளத்தை உருவாக்கியவரின் பட்டியலிலும் சில பெயர்கள் விடுபட்டிருக்கின்றன. அவரைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்போது ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தரவுகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தின் முக்கியத்துவம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1881 கணக்கெடுப்பில் தன் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதிவு செய்யச் சொல்லிக் கேட்டார். 1886-ல் அவர்கள் இந்துக்கள் அல்ல என்று அறிவித்தார். 1911 கணக்கெடுப்பின்போது பௌத்தர் என்று பதியச் சொல்லி எழுதினார். அரசாங்கம் ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதுகிறதோ அதுதான் நாளைக்குப் பள்ளிக்கூடம், வேலை, நிலம் என்று மாறும் என்பது அவர் கணக்கு.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவு செய்யப்படும் என்று ஒன்றிய அரசு 2025-ல் அறிவித்துவிட்டது. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதுவாக இருக்கும். கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார். அந்தக் கட்டத்தில் எழுதப்படும் சொல் யார் வைத்தது, அதனால் யாருக்கு என்ன கிடைக்கும், யார் விடுபடுவார்கள் என்று அப்போது வீட்டில் ஒரு பேச்சு எழலாம். தமிழில் அந்தப் பேச்சை 1881-லேயே தொடங்கியவர்களில் ஒருவர் மே 20 அன்று பிறந்தார்.